இரண்டு பி, ஒரு சி பிளஸ்: நவம்பரில் எந்தக் கல்லூரிக்கு முந்துவது?

அமெரிக்காவில் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டால், ஆகஸ்ட் மாதமே ஒரு கேள்வி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். "இ.டி. எங்கே போடப் போறீங்க?" எல்லோருக்கும் முன்பே போடும் எர்லி விண்ணப்பத்தில் ஒரு வகைதான் இந்த இ.டி. தமிழ்ப் பள்ளி வாசலில் கேட்பார்கள், பிறந்தநாள் விழாவில் கேட்பார்கள். எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கிய பிள்ளையின் பெற்றோருக்கு இது பெருமையாகப் பதில் சொல்லக்கூடிய கேள்வி. டிரான்ஸ்கிரிப்டில், அதாவது பள்ளி மார்க் பட்டியலில், இரண்டு பி, ஒரு சி பிளஸ் உள்ள வீட்டில் வயிற்றைக் கலக்கும். எங்கள் வீடு இரண்டாவது வகை. மூன்று வருடம் முன்பு மகளுக்காகத் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதையும், பிறகு தெரிந்த சில குடும்பங்களோடு உட்கார்ந்து பார்த்ததையும் வைத்து இதை எழுதுகிறேன்.

நாம் வளர்ந்தது கட்-ஆஃப் உலகம். கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது, ஆக மொத்தம் 200. அரை மார்க் போனால் காலேஜே மாறிவிடும். இங்கே போட்டி அதிகமுள்ள தனியார் கல்லூரிகள் அப்படி ஒரு கோடு போட்டு வைப்பதில்லை. என்ன பாடம் எடுத்தாள், எந்த வருடம் சறுக்கினாள், அதன் பிறகு என்ன ஆனது, அந்தப் பள்ளியில் மற்றவர்கள் எப்படி என்று ஒருவர் உட்கார்ந்து படிக்கிறார். அதனால் "3.7 ஜிபிஏவுக்கு எங்கே கிடைக்கும்?" என்று யாரைக் கேட்டாலும் உருப்படியான பதில் வராது. நான்குக்கு 3.7 என்ற அந்தச் சராசரி மார்க் எப்படி வந்தது என்று பாருங்கள். எர்லி எங்கே போடுவது, போடுவதா வேண்டாமா என்பதெல்லாம் அதிலிருந்துதான் வரும்.

பெயர்க் குழப்பம் முதலில்

எர்லி டிசிஷன், அதாவது இ.டி.: ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் போடலாம். நவம்பர் 1 அல்லது 15 கடைசி நாள், டிசம்பர் நடுவில் முடிவு. இடம் கிடைத்தால் போயே ஆக வேண்டும், மற்ற விண்ணப்பங்களை எல்லாம் திரும்பப் பெற வேண்டும். பிள்ளை, பெற்றோர், பள்ளிக் கவுன்சலர் மூவரும் கையெழுத்துப் போடுகிறோம். கொடுக்கும் நிதி உதவி போதவில்லை என்பது ஒன்றுதான் கௌரவமாக விலக வழி. பென், கொலம்பியா, கார்னெல், பிரவுன், டார்ட்மத், டியூக், நார்த்வெஸ்டர்ன் எல்லாம் இந்த வகை.

இ.டி. 2: அதே கட்டுப்பாடு, ஆனால் ஜனவரித் தொடக்கத்தில் போட்டு பிப்ரவரியில் முடிவு தெரியும். வாண்டர்பில்ட், எமரி, டஃப்ட்ஸ், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், என்.ஒய்.யூ., சிகாகோ, ஸ்வார்த்மோர், பொமோனா போன்றவற்றில் உண்டு. ஐவி லீக் என்ற எட்டுப் பழைய தனியார் பல்கலைக்கழகங்களில் ஒன்றிலும் கிடையாது. மார்க் கொஞ்சம் சரிந்த பிள்ளைகளுக்கு இந்தக் கதவு எவ்வளவு முக்கியம் என்று கீழே சொல்கிறேன்.

எர்லி ஆக்‌ஷன், அதாவது இ.ஏ.: சீக்கிரம் போடலாம், சீக்கிரம் பதில் வரும், கட்டுப்பாடு இல்லை. ரட்கர்ஸ், மேரிலாந்து, பென் ஸ்டேட், பர்டியூ, இல்லினாய் எனப் பல அரசுப் பல்கலைக்கழகங்கள் இப்படித்தான். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டில் இதிலேயே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். கிடைத்தால் சேர வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் வேறு தனியார் கல்லூரிக்கு எர்லி போடக் கூடாது. அரசுப் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவாகப் போடலாம். ஒவ்வொருவர் விதியிலும் நுணுக்க வித்தியாசம் உண்டு, கல்லூரியின் சொந்தப் பக்கத்தில் படித்துவிடுங்கள்.

கலிஃபோர்னியாவின் யூ.சி. பல்கலைக்கழகங்களில் எர்லி என்பதே இல்லை. அக்டோபர், நவம்பரில் எல்லோரும் ஒன்றாகப் போடுவார்கள். அவர்கள் ஜிபிஏ கணக்கில் பத்தாம், பதினோராம் வகுப்பு மார்க்கைத்தான் சேர்ப்பார்கள், எஸ்ஏடி என்ற நுழைவுத் தேர்வு மார்க்கைப் பார்ப்பதே இல்லை. ஒன்பதாம் வகுப்பில் மட்டும் விழுந்து எழுந்த பிள்ளைக்கு இது நல்ல செய்தி. வெளிமாநிலத்தவருக்கு விலைதான் கடிக்கும்.

டிரான்ஸ்கிரிப்டை மேசையில் விரித்து வையுங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்கென்று ஒதுக்குங்கள். எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையில், தோசை சாப்பிட்ட தட்டுகளை ஒதுக்கிவிட்டு அந்தத் தாளை விரித்தோம். பத்தாம் வகுப்பு: அல்ஜீப்ரா 2 ஆனர்ஸ் பி, கெமிஸ்ட்ரி ஆனர்ஸ் சி பிளஸ். பதினொன்றில் பிரீகால்குலஸ் பி. மீதி எல்லாம் ஏ, அல்லது ஏ மைனஸ். நான் பார்த்ததெல்லாம் அந்த சி பிளஸ்ஸை மட்டும்தான். கவுன்சலரின் விரல் பிரீகால்குலஸ் பி மீது போய் நின்றது. "இவள் எகனாமிக்ஸ் படிக்கணும்னா, அவங்க பார்க்கப் போறது இதைத்தான்" என்றார். எகனாமிக்ஸுக்குக் கணக்கு வேண்டும். பத்தாம் வகுப்புக் கெமிஸ்ட்ரியை யாரும் தோண்டப் போவதில்லை.

ஆக, மூன்று விஷயம் பார்க்க வேண்டும். சறுக்கல் எந்த வருடம்? படிக்க நினைக்கும் துறைக்கு அந்தப் பாடம் எவ்வளவு நெருக்கம்? அதற்குப் பிறகு அதே வகைப் பாடத்தில் மார்க் ஏறியதா? ஒன்பதில் விழுந்து பதினொன்றில் நிமிர்ந்த பிள்ளையும், ஒன்பதில் எல்லாம் ஏ வாங்கிப் பதினொன்றில் ஏபி என்ற கல்லூரித் தரப் பாடங்கள் சேர்ந்ததும் பி, பி, சி என்று இறங்கிய பிள்ளையும் ஒரே ஜிபிஏ வைத்திருக்கலாம். படிக்கிறவர் கண்ணுக்கு இரண்டும் இரண்டு கதை.

இதில் நேரக் கணக்கு ஒன்று ஒளிந்திருக்கிறது, புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். நவம்பர் 1ஆம் தேதி கல்லூரிக்குப் போகும் டிரான்ஸ்கிரிப்ட் பதினோராம் வகுப்போடு முடிந்துவிடும். எங்கள் நியூ ஜெர்சிப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பின் முதல் மார்க்கிங் பீரியட் முடியவே நவம்பர் நடுப்பகுதி ஆகிவிட்டது. சில கல்லூரிகள் முதல் குவார்ட்டர் மார்க்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளும், எல்லாரும் கேட்பதில்லை. உங்கள் பிள்ளையின் ஏற்றம் பன்னிரண்டில்தான் தொடங்குகிறது என்றால், எர்லியில் அந்த ஏற்றம் பெரும்பாலும் கண்ணில் படாது. பாதிப் படம் முடிவதற்குள் தீர்ப்பு எழுதச் சொல்வது போல. அவர்களுக்கு ஜனவரி இ.டி. 2 பொருந்தும். முதல் பீரியட் மார்க் கையில் இருக்கும், அரையாண்டு அறிக்கையும் பல சமயம் முடிவுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும், டிசம்பர் எஸ்ஏடிகூட உதவலாம்.

நாங்கள் இது தெரியாமல் முந்தினோம். மகளுக்கு மிகவும் பிடித்த, பெரிய பெயருள்ள ஒரு கல்லூரிக்கு நவம்பரில் இ.டி. போட்டோம். டிசம்பரில் நேராக இல்லை என்று வந்தது. முடிவைத் தள்ளிவைக்கும் டிஃபர்கூட இல்லை. அதே மாதம் ஏபி கால்குலஸில் அவள் ஏ வாங்கியிருந்தாள். அதைப் பார்க்கவேண்டியவர்கள் யாரும் பார்க்கவில்லை. கல்லூரி மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. பந்திக்கு முந்து என்று அவசரப்படுத்தியது நான்.

கல்லூரிப் பெயர் பேசுவதற்கு முன் காசு பேசுங்கள்

இது பலர் கடைசியில் பேசுகிற விஷயம். இ.டி.யில் வரிசை தலைகீழ். கையெழுத்துப் போட்ட பிறகு நான்கு கல்லூரிகளின் உதவித்தொகையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேரம் பார்க்க முடியாது. பல தனியார் கல்லூரிகளில் சாப்பாடு, தங்குமிடம் சேர்த்து வருடச் செலவு 90,000 டாலரைத் தொட்டுவிட்டது, சிலவற்றில் தாண்டியும்விட்டது. இரண்டு பேர் வேலைக்குப் போகும் நம் வீடுகளில் பலருக்குத் தேவை அடிப்படையிலான உதவி ஒரு டாலர்கூட வராது. ஐவி கல்லூரிகள் மார்க்குக்காக ஸ்காலர்ஷிப் கொடுப்பதே இல்லை.

ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் என்று ஒன்று இருக்கும். 2011 முதல் சட்டப்படி வைத்தே ஆக வேண்டும். போன வருட வரித் தாளை எடுத்துக்கொண்டு பெற்றோர் இருவரும் உட்கார்ந்து உண்மையான எண்ணைப் போடுங்கள். வரும் தொகையை நான்கால் பெருக்குங்கள், தம்பி தங்கை இருந்தால் அதையும் நினையுங்கள். அந்த எண்ணைப் பார்த்து ஒருவர் முகம் சுருங்கினாலும் அந்தக் கல்லூரிக்கு இ.டி. வேண்டாம். ரெகுலரில், அதாவது கட்டுப்பாடில்லாத வழக்கமான சுற்றில் போடலாம், தப்பே இல்லை.

பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இங்கேயே பத்து வருடம் படித்திருந்தாலும், கிரீன் கார்டு வரும்வரை ஃபாஃப்சா விண்ணப்பம் வழியான மத்திய அரசு உதவி கிடையாது. பல கல்லூரிகள் நிதி உதவி விஷயத்தில் வெளிநாட்டு மாணவராகவே கணக்கில் எடுக்கும். உதவி கேட்டாலே வாய்ப்புக் குறையும் கல்லூரிகளும் உண்டு. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத், போடன் போன்ற சில மட்டும் வெளிநாட்டவரிடமும் பண நிலையைப் பார்க்காமல் முடிவெடுக்கின்றன. கால்குலேட்டர் சொல்லும் எண் குடியுரிமை உள்ளவர்களை மனதில் வைத்துப் போட்டது. எச்-4 என்றால் கல்லூரிக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள்.

எர்லி என்பதே காசுள்ளவர்களுக்குச் சாதகம் என்ற குற்றச்சாட்டு பழையது. 2006இல் ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் இதைச் சொல்லியே எர்லியை நிறுத்துவதாக அறிவித்தன. 2011இல் திரும்பக் கொண்டுவந்துவிட்டன. மற்றவர்களில் பெரும்பாலோர் பின்னால் வராமல் தனியாக நிற்க அவர்களாலேயே முடியவில்லை.

எண்ணை நீங்களே போட்டுப் பாருங்கள்

"இ.டி.யில் இரண்டு மடங்கு வாய்ப்பு" என்று வாட்ஸ்ஆப் குழுக்களில் சொல்வார்கள். பாதி உண்மை. கல்லூரிப் பெயரோடு காமன் டேட்டா செட் என்று தேடினால் ஒரு பெரிய கோப்பு கிடைக்கும். அதில் சி21 என்ற இடத்தில் இ.டி. போட்டவர்கள் எத்தனை, எடுத்துக்கொண்டது எத்தனை என்று இருக்கும். சி1இல் மொத்த எண்ணிக்கை.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மொத்தம் 10,000 விண்ணப்பம், 1,600 பேருக்கு இடம். அதில் இ.டி. போட்டவர்கள் 1,500, கிடைத்தது 500 பேருக்கு. இ.டி. விகிதம் 33 சதவீதம். மொத்த விகிதம் 16 சதவீதம். பலர் இந்த இரண்டையும் ஒப்பிட்டு நிறுத்திவிடுவார்கள். இ.டி.யை உருவிவிட்டு மீதியைப் பாருங்கள்: 8,500 பேரில் 1,100 பேர், சுமார் 13 சதவீதம். இடைவெளி இன்னும் பெரிதாகிவிட்டது, இல்லையா? கொஞ்சம் பொறுங்கள். அந்த 500 பேரில் விளையாட்டுப் பயிற்சியாளர் முன்கூட்டியே தேர்ந்தெடுத்தவர்கள் இருப்பார்கள், சில கல்லூரிகளில் பழைய மாணவர்களின் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்கள் 150 பேர் என்று வைத்துக் கழித்தால், 1,350 பேரில் 350 பேர். சுமார் 26 சதவீதம். உங்கள் பிள்ளை நிற்கும் வரிசை இதுதான். 33க்குக் கீழே, ஆனால் 13ஐப் போல் இரண்டு மடங்கு.

கல்லூரிக்கு இதில் என்ன லாபம்? இ.டி.யில் எடுத்தவர் வந்தே தீருவார். ரெகுலரில் இடம் கொடுத்தால் அவர் வேறெங்காவது போய்விடலாம். அதனால் வகுப்பில் பாதியை இ.டி.யிலேயே நிரப்பிக்கொள்ளும் கல்லூரிகள் பல. சேருவார் என்ற உத்தரவாதத்துக்காக ஒரு பியைப் பொறுத்துக்கொள்வார்கள். மூன்று சியைப் பொறுக்க மாட்டார்கள். இ.டி. இழுத்துவிடும் தூரம் அவ்வளவுதான், கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பவரை உள்ளே இழுக்கும். இந்த இழுப்பு ஹார்வர்ட், யேல் போன்ற இடங்களில் மிகக் குறைவு என்பது என் கருத்து. அங்கே கொடுத்தால் பெரும்பாலும் எல்லாரும் வந்துவிடுகிறார்கள், உத்தரவாதம் எதற்கு?

அதே கோப்பில் சி7ஐயும் பாருங்கள். பாடக் கடினம், ஜிபிஏ, தேர்வு மதிப்பெண், எஸ்ஸே, சிபாரிசுக் கடிதம், நேர்முகம், கல்லூரி மீது மாணவர் காட்டும் ஆர்வம் என்று ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு எடை என்று அவர்களே குறித்திருப்பார்கள். சி11இல் சேர்ந்த மாணவர்களின் ஜிபிஏ எந்த வரம்பில் எத்தனை சதவீதம் என்று இருக்கும், சில கல்லூரிகள் நிரப்பாமல் விட்டிருக்கும். அடி வரம்பில் இருப்பவர்களில் விளையாட்டு வீரர்களும் உண்டு என்பதை மறக்காதீர்கள்.

இதைவிடக் கிட்டத்துப் படம் உங்கள் பிள்ளையின் பள்ளியிலேயே இருக்கிறது. பள்ளி தரும் நாவியன்ஸ் அல்லது ஸ்கோயர் தளத்தில் உள்நுழைந்தால், உங்கள் பள்ளியிலிருந்து ஒரு கல்லூரிக்குப் போட்டவர்கள் புள்ளிகளாகத் தெரிவார்கள். ஜிபிஏ ஒரு பக்கம், எஸ்ஏடி ஒரு பக்கம், கிடைத்தவர் பச்சை, கிடைக்காதவர் சிவப்பு. எங்கள் மகளின் புள்ளியை வைத்தபோது அவளுக்குப் பிடித்த கல்லூரியில் சுற்றிலும் சிவப்பு, தூரத்தில் ஒரே ஒரு பச்சை. அந்தப் பச்சையைப் பிடித்துக்கொண்டு நான் நம்பிக்கை வளர்த்தேன். அந்தப் பையன் ஃபென்சிங் வீரன் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

சரி, எங்கே போடுவது?

பட்டியலில் இருக்கும் கல்லூரிகளில் பிள்ளையின் புள்ளியைச் சுற்றிப் பச்சையும் சிவப்பும் கலந்து கிடக்கும் இடம் எது என்று பாருங்கள். இ.டி. அங்கேதான் வேலை செய்யும். முழுச் சிவப்பில் போட்டால் தோட்டா வீண். முழுப் பச்சையில் போட்டால், கிடைக்கப்போவதற்கே கையைக் கட்டிக்கொண்டது போல் ஆகும், ஸ்காலர்ஷிப்பை ஒப்பிடும் வாய்ப்பும் போய்விடும். அந்தக் கலவை இடங்களில் காசும் ஒத்துவந்து, பிள்ளையும் மனதார "இங்கே நாலு வருடம் இருப்பேன்" என்று சொன்னால் நவம்பரில் போடலாம். பிள்ளை சொல்ல வேண்டும். நாம் சொல்லக் கூடாது.

சறுக்கல் பதினொன்றில் என்றால் நவம்பரில் தனியாருக்கு இ.டி. வேண்டாம். அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு இ.ஏ. போட்டுவிட்டு, பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கைக் கையில் வைத்துக்கொண்டு இ.டி. 2 போடுங்கள். எங்கள் மகள் கடைசியில் ஒரு சிறிய கல்லூரிக்கு இ.டி. 2 வழியாகத்தான் போனாள்.

அரசு இ.ஏ. விஷயத்தில் யோசிக்கவே வேண்டாம், எல்லோரும் போட வேண்டியது. மேரிலாந்து போன்ற இடங்களில் பெரும்பாலான இடங்கள் எர்லியிலேயே நிரம்பிவிடும். யூஎன்சி (வட கரோலினா), யூடி ஆஸ்டின் (டெக்சஸ்) அக்டோபர் 15 என்று வைத்திருக்கின்றன, சில வருடம் நவராத்திரிக் கொலுவோடு மோதும், கவனம்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் தனிக் கணக்கு. இல்லினாயில் வேறு துறையில் சேர்ந்துவிட்டுப் பிறகு சி.எஸ்.ஸுக்குத் தாவுவது மிகக் கடினம், அதனால் வாசலிலேயே கூட்டம் நிற்கும். கணக்கில் பி வைத்துக்கொண்டு இப்படித் துறைக்கே நேராக எடுக்கும் இடத்தில் எர்லி போடுவது கரடுமுரடான பாதை. துறையைப் பார்க்காமல் கல்லூரிக்குள் எடுத்து, பிறகு மேஜரைத் தேர்ந்தெடுக்க விடும் சிறிய கல்லூரிகளை நம் ஆட்கள் திரும்பிப் பார்ப்பதே இல்லை. பெயர் ஊரில் தெரியாது என்பதுதான் காரணம்.

மார்க்கை மாற்ற முடியாது, சுற்றியிருப்பதை மாற்றலாம்

எம்ஐடி 2022இல் எஸ்ஏடியைத் திரும்பக் கட்டாயமாக்கியது, டார்ட்மத்தும் பிரவுனும் 2024இல் அறிவித்தன. மார்க் சரிந்த பிள்ளைக்கு நல்ல எஸ்ஏடி உண்மையிலேயே தாங்கும், முடிந்தால் ஆகஸ்டிலேயே எழுதிவிடட்டும்.

சிபாரிசுக் கடிதத்துக்கு, பி வாங்கிய பாடத்தின் ஆசிரியரையே கேட்கலாம். நாங்கள் தயங்கித் தயங்கித்தான் பிரீகால்குலஸ் ஆசிரியரைக் கேட்டோம். மதிய இடைவேளையில் வந்து ஒரே கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்தவள் என்று எழுதினாராம், கவுன்சலர் சொன்னார். ஏ கொடுத்த ஆசிரியரால் இதை எழுத முடியாது.

சறுக்கலுக்கு உண்மையான காரணம் இருந்தால், பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பில் கூடுதல் தகவல் பகுதியில் மூன்று வரி போதும். "பத்தாம் வகுப்பு நடுவில் டெக்சஸிலிருந்து மாறினோம், புதிய பள்ளியில் கெமிஸ்ட்ரி இரண்டு பாடம் முன்னால் போயிருந்தது" என்பது போல. ஆசிரியரைக் குறை சொல்ல வேண்டாம். காரணம் இல்லையென்றால் எதையும் எழுத வேண்டாம், சும்மா விட்டுவிடுங்கள்.

டிசம்பருக்கான ஏற்பாட்டை நவம்பரிலேயே

இ.டி. போட்ட மறுநாளே மற்ற எஸ்ஸேக்களைத் தொடங்கச் சொல்லுங்கள். டிசம்பர் நடுவில் இல்லை என்று வந்தால், ஜனவரி 1க்கு இரண்டு வாரம்தான் இருக்கும், அதில் மூன்று நாள் பிள்ளை அறையை விட்டு வெளியே வராது. டிஃபர் ஆனால், ரெகுலர் கூட்டத்தோடு மறுபடி பார்ப்பார்கள் என்று அர்த்தம். உங்கள் இ.டி. ஒப்பந்தம் அத்தோடு முடிந்தது, வேறு இடத்தில் இ.டி. 2 போடத் தடையில்லை. டிஃபர் செய்த கல்லூரிக்குப் புது மார்க்கோடு ஒரு பக்கக் கடிதம் அனுப்பலாம்.

ஒன்று மட்டும் நாங்கள் பட்டு அறிந்தது. இ.டி. 2 ஒப்பந்தத்துக்கும் கவுன்சலர் கையெழுத்து வேண்டும். பள்ளி கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மூடிவிட்டால் ஜனவரி 2 வரை யாரும் மின்னஞ்சல் பார்க்க மாட்டார்கள். முடிவு வருவதற்கு முன்பே, டிசம்பர் முதல் வாரத்தில், "ஒருவேளை தேவைப்பட்டால் இந்தக் கல்லூரிக்கு இ.டி. 2 போடுவோம்" என்று அவரிடம் சொல்லி வைத்துவிடுங்கள். நாங்கள் 23ஆம் தேதி மதியம், பூட்டப்போகும் அலுவலக வாசலில் நின்று கேட்டோம். அவர் கோட்டு மாட்டிக்கொண்டே திரும்பி வந்து கணினியைத் திறந்தார்.